பின்னால் வேறு குரல் இருக்கிறதா?

பூண்டு உரிக்கிற கை மேடம், அதனால்தான் நீங்க கை நீட்டியதும் பின்னால் இழுத்துக்கொண்டேன். தப்பா நினைக்காதீங்க. உட்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், ஆடும். இதில் உட்காருங்க. எட்டுக் கிலோ பூண்டு. காலையிலேயே ஊறப்போட்டேன், தோல் லேசாக வரட்டும் என்று. வருகிறது, ஆனால் நகக்கண் எல்லாம் எரிகிறது. நாளை மறுநாள் என் பிள்ளைக்குக் காது குத்து. தன்ஷிகா. பத்து மாதம். உள்ளே தொட்டிலில் கிடக்கிறாள். இவர், பிள்ளையோட அப்பா, திருப்பூரிலிருந்து நாளைக்குத்தான் வருகிறார்.

பாருங்க, நீங்க கேட்டதை விட்டுவிட்டு பூண்டைப் பற்றிப் பேசுகிறேன். எனக்குப் பேச வராது மேடம். பேர்தான் பேச்சி. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பேர் கூப்பிடும்போது எழுந்து நிற்பேன், வாய் திறக்காது. "பேச்சியம்மாவுக்குப் பேச்சைத் தவிர எல்லாம் இருக்கு" என்று சொல்லி ஆப்சென்ட் போட்டுவிடுவார். ஏழாவதோடு நின்றுவிட்டேன்.

ஏன் "இல்லை"யை அழுத்தினேன், அதுதானே? அழுத்தியும் அழுத்திவிட்டு, ஏன் ஆபீசுக்கு போன் போட்டு அது எந்த ஊர் என்று கேட்டேன். அதுதானே? போனில் கேட்டதற்கு நீங்க மதுரையிலிருந்து நேரிலேயே வருவீங்க என்று நான் நினைக்கவில்லை.

உங்க வேலை எனக்குப் பிடித்ததே, அதற்கு வாய் வேண்டாம், காது போதும் என்பதால்தான். போனில் துண்டு துண்டாகப் பேச்சு வரும், கம்ப்யூட்டருக்குத் தமிழ் பழக்குவதற்காம். யாரோ எங்கிருந்தோ எதையோ வாசிப்பார்கள். நான் கேட்டுவிட்டு அழுத்த வேண்டும். பேசுவது ஆணா, பெண்ணா. வார்த்தை தெளிவா, இல்லையா. கடைசியாக ஒரு கேள்வி வரும். பின்னால் வேறு குரல் இருக்கிறதா? ஆம், இல்லை. பிள்ளை தூங்குகிற நேரத்தில் இருநூறு, முந்நூறு துண்டு கேட்டுவிடுவேன்.

ஆனால் நீங்க கொடுத்த அந்தக் காது மாட்டி, கடலைப் பருப்பு மாதிரி உள்ளே திணிப்பது, அதில் எல்லாச் சத்தமும் ஒரே குடத்துக்குள் கிடக்கும் மேடம். பேசுகிற ஆளும் அதற்குள், மிக்ஸியும் அதற்குள், தெருநாயும் அதற்குள். எது பக்கம், எது தூரம் என்று தெரியாது.

அப்படித்தான் ஒருநாள் அந்தத் துண்டு வந்தது. பத்தொன்பது விநாடி. ஒரு ஆள் வாசிக்கிறார், "எனக்கு இரண்டு நாள் விடுப்பு வேண்டும். மழை வந்தால் துணிகளை எடுத்து உள்ளே போடவும்." அவ்வளவுதான். நீங்க எழுதிக் கொடுப்பதைத்தானே வாசிப்பார்கள். ஆனால் அந்தக் குரலுக்கு அடியில் ஏதோ இழுத்துக்கொண்டு போனது. பாட்டு மாதிரி. வரி முடியும்போது எல்லோரும் கீழே இறங்குவார்கள் இல்லையா, இது இறங்கவில்லை. மேலே தூக்கி அப்படியே விட்டுவிட்டது.

எங்கள் அம்மா அப்படித்தான் தாலாட்டுவாள். ஊரில் வேறு யாருக்கும் அந்த இழுப்பு கிடையாது. அம்மா செத்து மூன்று வருஷம். அம்மாவுக்குப் பிறகு அது தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒன்று நான். நான் பாடமாட்டேன், வெட்கம். என் பிள்ளைக்கே முனகத்தான் செய்வேன். இன்னொன்று கோமதி.

கோமதி என் தங்கச்சி. செத்துப்போய்விட்டாள். அதாவது மேடம், அப்படித்தான் போஸ்டர் ஒட்டினோம்.

மில்லுக்கு வேலைக்குப் போனவள். அங்கே ஒரு பையன். வேற ஆட்கள். உங்களுக்குப் புரியும். பதிவு பண்ணிக்கொண்டு எங்கேயோ போய்விட்டார்கள். மூன்றாம் நாள் அண்ணன் போஸ்டர் அடித்துவிட்டது. பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டில் இருந்த போட்டோ. கண்ணீர் அஞ்சலி, அகால மரணம், வருந்தும் குடும்பத்தார். குடும்பத்தாரில் என் பேரும் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் அதைப் பார்த்துவிட்டு அவள்கூடப் படித்த பிள்ளை ஒன்று ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதது. நானும் அழுதேன். வேறு என்ன செய்ய? அண்ணன் மொட்டை போட்டது. பதினாறாம் நாள் இலை போட்டோம், நானும் சாப்பிட்டேன். அடுத்த மாதம் அம்மா போய்விட்டாள். அதிலிருந்து கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால் ஒரு அண்ணன் என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

அவளுக்குப் பதினாறு சாப்பிட்டிருக்கிறேன் மேடம். அவள் என் காதுக்குள் பாடினால் எனக்கு எப்படி இருக்கும்? அன்றைக்கு முழுக்க உலை வைக்கவில்லை. அவள்தானா, இல்லை என் மனசுதான் பாடுகிறதா, அது தெரிய வேண்டும். குடத்துக்குள் கிடப்பதைப் பிரித்து வெளியே எடுக்க வேண்டும்.

அதற்குத்தான் இருளப்பன் அண்ணாச்சி கடைக்குப் போனேன். மைக்செட் வாடகைக்கு விடுகிறவர், ஹெட்போனும் விற்கிறார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் வாசலிலேயே நின்றேன்.

"என்ன தாயி வேணும்? பாட்டு கேக்கவா, போன் பேசவா?"

"தூரத்துல கேக்குறது தூரத்துலயே கேக்கணும் அண்ணாச்சி."

அவர் சாலிடரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இருபது வருசமா கடை வச்சிருக்கேன். வர்றவன் பூராம் இடி இடிக்கணும்பான், நெஞ்சு அதிரணும்பான். தூரம் வேணும்னு வந்தது நீ ஒருத்திதான்."

முதலில் சிவப்பாக ஒன்று கொடுத்தார். தும் தும் என்று நெஞ்சுக்குள் நெல் குத்தியது. வேண்டாம் என்று தலையாட்டினேன். அடுத்தது காதை இறுக்கி மூடுகிறது. வெளியே உலகமே செத்துப்போன மாதிரி இருந்தது, ஆனால் உள்ளேயும் எல்லாம் நெற்றியில் வந்து ஒட்டிக்கொண்டது. அதுவும் வேண்டாம். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்துவந்து தூசி தட்டினார். சிரட்டை மாதிரி பெரிசு இரண்டு, பின்பக்கம் முழுக்க வலை.

"ஓட்டை ஓட்டையா இருக்கே அண்ணாச்சி. பழசா?"

"ஓட்டை இல்ல தாயி, சன்னல். சன்னல் இருந்தாத்தான் சத்தம் காலு நீட்டிப் படுக்கும். இடி கம்மியா இருக்கும், ஆனா ஒருத்தன் மூக்கு உறிஞ்சுனாக்கூட எந்த மூலையில உறிஞ்சுனான்னு சொல்லிரலாம்."

எங்கள் ஊர்க் கோயில் கொடையில் அவரே ரெக்கார்டு பண்ணின மேளத்தைப் போட்டுவிட்டார். தவில் இடது கைப்பக்கம். நாதசுரம் நேரே. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நடந்துபோகிற அளவுக்கு இடம். அப்புறம் வலது பக்கம், ரொம்பப் பின்னால், ஒரு பொம்பளை "ஏட்டி, பிள்ளையப் பிடி" என்றாள். நான் திரும்பிப் பார்த்துவிட்டேன் மேடம். கடையில் யாருமில்லை.

அண்ணாச்சி சிரித்தார். "திரும்பிப் பாத்தியா? அதுதான் இதோட வேல."

விலை இரண்டாயிரத்து நானூறு என்றார். என்னிடம் இருந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரம். எனக்குப் பேரம் பேசத் தெரியாது. அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். "சரி சரி, அப்படிப் பாக்காத. ரெண்டாயிரம்." அப்பவும் நின்றேன். "உன் வாயில என்ன கொழுக்கட்டையா? ஆயிரத்து எண்ணூறு, எடுத்துட்டுப் போ. ரெண்டு வருசமா தூங்குது, யாரும் வாங்கல." பை போட்டுக் கொடுக்கும்போது ஒன்று சொன்னார். "தாயி, இது வெளியவும் போகும், பாத்துக்க."

வெளியே போட்டுக்கொண்டு போகலாம் என்று சொல்கிறார் என்று நான் நினைத்தேன். நான் எங்கே மேடம் வெளியே போகப் போகிறேன்? சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மத்தியானம் பிள்ளை தூங்கினதும், பதில் அழுத்தாமல் வைத்திருந்த அந்தத் துண்டைப் போட்டேன். கண்ணை மூடினேன். இடம் விரிந்தது.

அந்த ஆள் எனக்கு ஒரு முழம் முன்னால் உட்கார்ந்து வாசிக்கிறார். அவருக்கு வலப்பக்கம் குக்கர் விசில் வராமல் புஸ்ஸென்கிறது. இடப்பக்கம் ஒரு சுவர். சுவர் சத்தம் போடாது, ஆனால் தெரிகிறது மேடம், பாட்டு அதைத் தாண்டித்தான் வந்தது. பத்துப் பதினைந்து எட்டு இருக்கும். தொட்டில் கயிறு கொக்கியில் உரசுகிறது. கண்ணாடி வளையல். மூக்கு அடைத்திருக்கிறது அவளுக்கு, பனி ஆகாது, சின்ன வயதிலிருந்தே ஆகாது. அப்புறம் அந்த வரி.

"வெள்ளிக் கம்மல் யாரு கொண்டாரா, குருவய்யா மாமன் கொண்டாரான். யாரு மடியில காது குத்த, குருவய்யா மாமன் மடியில."

குருவய்யா எங்கள் அண்ணன்.

தாலாட்டு என்றால் மாமன் பேர் வரணும் மேடம். கூடப்பிறந்தவன் இல்லாதவள்கூட யாராவது ஒருத்தனைச் சேர்த்துப் பாடுவாள். அவள் யாரைப் போடுவாள்? அவளுக்கு இருப்பது ஒரு பேர்தானே. அவளைச் செத்தவளாக்கிப் போஸ்டர் ஒட்டிய அண்ணன் பேரைச் சொல்லித்தான் அவள் பிள்ளையைத் தூங்கவைக்கிறாள்.

பின்னால் வேறு குரல் இருக்கிறதா? விரல் "ஆம்" பக்கம்தான் போனது. நீங்க நம்பணும். ஆனால் அழுத்தியது "இல்லை". அவளை இல்லை இல்லை என்று சொல்லியே பழகின விரலோ என்னவோ. இல்லை, "ஆம்" போட்டால் யாராவது போய்க் கதவைத் தட்டி யார் பாடியது என்று கேட்பார்கள் என்று பயந்தேனோ. தெரியவில்லை. அந்தத் துண்டை மட்டும் போனில் எடுத்துவைத்துக்கொண்டேன். வைக்கக் கூடாதுதான். தெரியும்.

தினமும் கேட்பேன். அவள் செத்துப்போனவளாகவே இருந்து பாடுகிற மாதிரி இருக்கும் சில நாள். சில நாள் பக்கத்து வீட்டில் இருக்கிற மாதிரி. எழுந்து போய்ச் சுவரைத் தொட்டுப் பார்ப்பேன்.

போன மாசம் அண்ணன் வந்தது, காது குத்துக்கு நாள் பார்த்துக்கொண்டு. நான் உள்ளே பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு இந்த ஹெட்போனைத் தலையில் போட்டிருந்தேன். நான் பால் கொடுக்கிற நேரம் அண்ணன் உள்ளே வராது. நிமிர்ந்து பார்த்தால் நிலைப்படியைத் தாண்டி நிற்கிறது. முகம் வெளுத்திருந்தது.

"என் பேர யாரு சொல்றா?"

"யாரும் சொல்லலையேண்ணே."

"சொல்றாங்க பேச்சி. மாமங்கிறாங்க."

நான் பயந்துபோய் அதைக் கழற்றிக் கழுத்தில் போட்டேன். போட்டால் வீடு முழுக்கப் பாடுகிறாள் மேடம். மெல்லிசாக, கொசு மாதிரி, ஆனால் ஒவ்வொரு எழுத்தும். யாரு மடியில காது குத்த, என்று. அண்ணாச்சி சொன்ன "வெளியவும் போகும்" என்னவென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சன்னல் இரண்டு பக்கமும்தானே திறக்கும்.

அண்ணன் அதை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டது. ஏழு தடவை கேட்டது. எட்டாவது தடவை கண்ணிலிருந்து தண்ணி வந்தது. எங்கள் அண்ணன் அம்மா சாவுக்குக்கூட அழவில்லை. "பாப்பாவுக்குப் பிள்ளை பொறந்துருக்கு" என்றது. மூன்று வருஷம் கழித்து அதன் வாயில் பாப்பா என்று வந்தது. எனக்கு அதுவே போதும் என்று இருந்தது.

பிறகுதான் கேட்டது, "எந்த ஊரு இது?"

"தெரியாதுண்ணே. அவங்க சொல்ல மாட்டாங்க."

"நீ கேட்டா சொல்லுவாங்க."

அதிலிருந்து தினமும் வருகிறது. அதற்கு முன்னால் நல்ல நாள் கெட்ட நாளுக்குத்தான் வரும். இப்போது வரும்போதெல்லாம் பிள்ளைக்குப் பிஸ்கட், எனக்குப் பூ. உட்கார்ந்து கேட்கும். அண்ணனுக்குப் பழகாத காது, அதற்கு எல்லாம் இரைச்சல். நான்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். "இந்த ஊளைச் சத்தம் என்ன?" "மில்லு சங்குண்ணே." "இது?" "வேதக்கோயில் மணிண்ணே, சர்ச்சுல அடிக்கிறது." காது குத்துப் பத்திரிகை அடித்து மீந்த அட்டையில் பின்பக்கம் எழுதிக்கொள்ளும். ஒருநாள் கூடச் சுற்றுகிற சேக்காளி இரண்டு பேரைக் கூட்டிவந்தது. அவர்களும் மாட்டிக் கேட்டார்கள். பாட்டைப் பற்றி அவர்கள் ஒன்றும் பேசவில்லை. சங்கு எத்தனை மணிக்கு, பஸ் ரோடு எந்தப் பக்கம், இதையே கேட்டார்கள். "மச்சான்கிட்ட இதெல்லாம் சொல்லிட்டு இருக்காத" என்று அண்ணன் சொன்னது. இவரிடம் சொன்னால் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார் என்றுதான் இருக்கும்.

ஏன் மேடம் உங்க முகம் இப்படி ஆயிருச்சு? தண்ணி தரட்டுமா?

அப்படி இல்லை மேடம். நீங்க வேறு மாதிரி நினைக்கிறீங்க. எங்கள் அண்ணன் கோபக்காரன்தான், ஆனால் பாசக்காரன். அவள் ஆறாவது படிக்கும்போது காய்ச்சலில் கிடந்தாள், நாலு மைல் தூக்கிக்கொண்டு ஓடியது. நேரே போய்க் கூட்டிட்டு வந்துருவேன் தாயி, ரெண்டு பிள்ளைக்கும் ஒரே மடியில காது குத்திரலாம் என்று என் பிள்ளை தலையில் கை வைத்துச் சொன்னது. பிள்ளை தலையில் கை வைத்துப் பொய் சொல்வார்களா?

உங்க ஆபீசுக்கு போன் போட்டேனே, அண்ணன் பக்கத்தில்தான் நின்றது. எப்படிக் கேட்க வேண்டும் என்று அதுதான் சொல்லிக் கொடுத்தது. இல்லையென்றால் எனக்கு ஏது அவ்வளவு வாய்?

ஒன்று மட்டும். ஒன்று மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. நேற்று வந்து கேட்டுக்கொண்டே இருந்தது. பாட்டுக்கு அடியில் பிள்ளை ஒரு தடவை சிணுங்கும், பாட்டி மாதிரி ஒரு பெருமூச்சு விடும். அதை நிறுத்தி நிறுத்திக் கேட்டது. "இது ஆணா பொண்ணா, சத்தத்துல தெரியுமா ஒனக்கு?"

நான் சிரித்தேன். "அது எப்படிண்ணே தெரியும்?"

அண்ணன் சிரிக்கவில்லை. "ஆணா இருந்தா அவனுக பேர் சொல்ல ஒண்ணு வந்துருச்சுன்னு அர்த்தம்" என்றது. எங்கேயோ பார்த்துக்கொண்டு, ரொம்ப மெதுவாக.

"பொண்ணுண்ணே" என்று சொன்னேன். சட்டென்று வந்துவிட்டது. எனக்கு எப்படித் தெரியும் மேடம்? சிணுங்குகிற பிள்ளையில் என்ன ஆண், என்ன பெண்? ஆனால் சொல்லிவிட்டேன். "பொண்ணு மாதிரிதான் இருக்கு, பொண்ணேதான்" என்று இரண்டு தடவை சொன்னேன்.

இன்னொன்றும் உண்டு. யாரிடமும் சொல்லவில்லை. பதினெட்டாவது விநாடியில், ரொம்ப ரொம்பத் தூரத்தில், ரோட்டில், ஒரு கண்டக்டர் கூவி ஆள் ஏற்றுகிறார். ஊர்ப் பேர் சொல்லி. எனக்கு முழுசாகக் கேட்கும். அண்ணன் அதைக் கேட்டு "இவன் என்னமோ கத்துறானே, யாரு?" என்றது. "மீன்காரர்ண்ணே" என்று சொல்லிவிட்டேன். அட்டையில் மீன்காரர் என்று எழுதிக்கொண்டது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீங்க. கூட்டிட்டு வரப் போகிற அண்ணனுக்கு ஊர்ப் பேரைச் சொல்லாமல் எவளாவது மறைப்பாளா? எனக்கே புத்தி சரியில்லையோ என்று இருக்கிறது. அவள் வரட்டும் என்றுதான் நானும் சாமி கும்பிடுகிறேன். வந்தால் அந்தத் தொட்டில் கம்பில் இன்னொரு சேலையும் கட்டலாம். ஆனால் நேற்றிலிருந்து அந்தப் பாட்டைப் போட்டால் அவள் பாடுகிற மாதிரி இல்லை மேடம். கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. அம்மா சாகிற அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினாள், சத்தம் வரவில்லை. அந்த மாதிரி. எவ்வளவு நல்ல ஹெட்போன் போட்டாலும் அது மட்டும் என்னவென்று பிரியவில்லை.

அந்த ஊர் உங்களிடம் இருக்கிறது, இல்லையா? நான் ஊர் என்றதும் உங்க கண் அந்தப் பைக்குப் போய்விட்டு வந்தது. பார்த்தேன். காது பழகினால் கண்ணும் பழகும்போல. பையை ஏன் மடியில் எடுத்து வைக்கிறீங்க? இருங்க மேடம். காப்பி போடுகிறேன். கையை மட்டும் கழுவிக்கொண்டு—

அண்ணன் பைக். சத்தம் கேட்கிறதா? உங்களுக்குக் கேட்காது. இப்போதுதான் பள்ளிக்கூடத்து வளைவில் திரும்புகிறது. நீங்க வருவது அண்ணனுக்குத் தெரியும், காலையில் நீங்க போன் பண்ணி வருவதாகச் சொன்னதும் நான்தான் சொன்னேன். வரட்டும், நானே பேசிக்கிறேன் என்றது. பின்னால் இன்னொரு வண்டியும் வருகிறது.

மேடம், எழுந்திரிக்காதீங்க. எழுந்தால் ஓடுகிற மாதிரி இருக்கும். உட்காருங்க.

"பேச்சி! வாசல்ல யாரு செருப்பு? ஆபீஸ் மேடமா?"

"ஆமாண்ணே! இப்பத்தான் வந்தாங்க!"

"நீ இங்க வா மொதல்ல. வா தாயி, சட்டுன்னு."

"வந்துட்டேன்ணே!"

மேடம், இங்க பாருங்க, என்னைப் பாருங்க. அண்ணன் நல்லவிதமாகத்தான் கேட்கும், உங்களை அம்மா என்று கூப்பிட்டுத்தான் கேட்கும். கேட்டால், அந்த ஊர்ப் பேரை அண்ணன்கிட்ட நீங்க—